கரண்டு வேலைக்கு வந்த முதல் அக்கா

பக்ராநங்கல் அணையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருக்கோம். அந்த அணையின் ஜெனரேட்டர் வேலையில் நம் சென்னைப் பெண் ஒருவரின் கையும் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் அ. லலிதா. இந்தியாவின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்.

1919-இல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் கல்யாணம். 1937-இல், 18 வயதில், கணவர் தவறிவிட்டார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டு மூலைதான் கதி. இவரோ படிப்பேன் என்று நின்றார். குயின் மேரிஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். டாக்டரானால் ராத்திரி பகல் பாராமல் ஓடணும், குழந்தையை யார் பார்ப்பது என்று யோசித்து இன்ஜினியரிங் பக்கம் வந்தார்.

அப்பா சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியிலேயே எலக்ட்ரிக்கல் பேராசிரியர். அவரும் முதல்வர் சாக்கோவும் முயன்று அனுமதி வாங்கினார்கள். நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவே ஒரே பெண்! பையன்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்களாம். ஆனாலும் ஹாஸ்டலில் தனிமை. யாரும் கேலி பண்ணலை என்பது மட்டும் போதாதே! பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. அடுத்த வருஷமே லீலாம்மா ஜார்ஜ், திரேசியா என்ற இருவர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். (திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார்.) உலகப் போரால் படிப்புக் காலம் குறைய, 1943-இல் மூவரும் ஒன்றாகத் தேறினார்கள். சான்றிதழில் ஆணுக்கென்றே அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதித் தரவேண்டியதாயிற்று.

ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி. பிறகு சிம்லாவில் வேலை. அங்கே ஒரு சகோதரர் வீடு இருந்தது. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். அங்கேயும் ஒரு சகோதரர் வீடு. டிரான்ஸ்மிஷன் லைன், சப்-ஸ்டேஷன் டிசைன் என்று ஏறக்குறைய 30 வருஷம் உழைத்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார். 1977-இல் ஓய்வு, 1979-இல் மறைவு.

இதில் எனக்கு ஒன்று உறுத்துது. ஒவ்வொரு படியிலும் அப்பாவோ அண்ணன் தம்பியோ துணைக்கு இருந்தாங்க. கோச்சடையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவரின் மகளான எனக்கு யார் இருக்கா? போன வருஷம் இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் பையன்களைப் பேனல் போர்டுக்கு அனுப்பினாங்க. எங்களை ஸ்டோரில் உட்கார்ந்து ரிஜிஸ்தர் எழுதச் சொன்னாங்க. கேட்டதற்கு, பாதுகாப்புக்காகத்தான் என்றார் சூப்பர்வைசர். பாதுகாப்பு வேணும்தான், அதுக்கு எங்களை எதுக்கு ஓரங்கட்டணும்?

அந்தப் பாதுகாப்பு இன்று நிர்வாகத்தின் கடமை. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். தலைவர் ஒரு பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுதித் தரணும். சின்னப் பட்டறை என்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். முக்கியமாக, டிரெய்னி, அப்ரண்டிஸ் எல்லாருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். நிரந்தர வேலைக்காரங்களுக்கு மட்டும்தான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்டோரில் உட்காரவைப்பது இந்தச் சட்டத்துக்குள் அடங்காது. அதை நம்ம யூனியன்தான் கேட்கணும்.

அடுத்த டிரெயினிங்குக்கு நம் பாலிடெக்னிக் கம்பெனிகளுக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு வரி சேர்க்கும்படி யூனியனைக் கேட்டிருக்கோம்: புகார்க் குழுத் தலைவர் யார்? மாணவிகளுக்கும் பேனல் வேலை உண்டா?