மிதிவண்டி வீரர் மேஜர் டெய்லர்

நம் தோட்டத்தார் பால்மரம் சீவ ஏறிச்சென்ற மிதிவண்டியிலேயே உலகை வென்றவர் மேஜர் டெய்லர். 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் எளிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். பந்தயங்களில் நிறவெறியர் அவரை இடித்தனர், வழிமறித்தனர். ஆயினும், 1899இல் மாண்ட்ரியலில் ஒரு மைல் பந்தயத்தில் உலக வீரரானார்.

நீண்ட ஓய்வுக்குப்பின் 1907இல் களம் திரும்பினார். சில வெற்றிகள் கிட்டினும், பழைய வேகம் மெல்லக் குறைந்தது, இளையோர் முந்தினர். 1910இல், தமது 32ஆம் வயதில் விலகினார். ஈட்டிய பெருஞ்செல்வமும் கரைந்தது. தம் வரலாற்றைத் தாமே நூலாக அச்சிட்டு, வீடு வீடாகச் சென்று விற்றார். எத்துணை மனவுறுதி!

1932இல் சிக்காகோ மருத்துவமனையின் இலவசப் பிரிவில் இறந்தார். உடலைப் பெற ஒருவரும் வரவில்லை, பெயர்க்கல்லின்றிப் புதைக்கப்பட்டார். 1948இல் முன்னாள் பந்தய வீரர்கள், மிதிவண்டி உற்பத்தியாளர் ஒருவரின் பொருளுதவியுடன் அவ்வுடலை எடுத்து, பெயர் பொறித்த கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்தனர்.