சிறைக்குப் போய் வந்த சிரிப்பு

கலஹாவுக்கு அப்பால் உள்ள மலைகளில்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட இடம். 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ படத்தின் கதாநாயகன், கொலை செய்துவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆருக்கு அது முதல் படம் என்பது பலருக்கும் தெரியும். என்.எஸ்.கிருஷ்ணனின் தொடக்ககாலப் படங்களில் ஒன்று அது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1908 நவம்பர் 29இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் சோடா விற்றார், வில்லுப்பாட்டுப் பழகினார், பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் நடிகரானார். சினிமாவில் நகைச்சுவைப் பகுதியை அவரிடமே விட்டுவிடுவார்கள். மதுரத்துடன் சேர்ந்து தானே காட்சிகளை உருவாக்கி நடித்துக் கொடுப்பார். ‘வசந்தசேனா’ படத்தில் சந்தித்த டி.ஏ.மதுரம் வாழ்க்கையிலும் அவருடைய துணையானார்.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே கிருஷ்ணனும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என விடுதலையானார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் போய்விட்டன. சிறைக்கு வெளியே வழக்கோடு காத்திருப்பது என்ன என்பது இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் மதுரம் வீட்டில் அழுதுகொண்டிருக்கவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்துடன் என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினார். ‘பைத்தியக்காரன்’ படத்தைத் தொடங்கினார். விடுதலையாகி வந்த கணவருக்கும் அதில் இடம் கிடைத்தது. சிறைக்குப் போய் வந்ததையே அவர் அதில் பாட்டாக்கினார். பாகவதரின் பழைய நாட்கள் பிறகு திரும்பவே இல்லை. கிருஷ்ணன் மீண்டும் எழுந்தார்.

1949இல் அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’ வந்தது. மதுவிலக்குப் பிரசாரம் சற்றுக் கூடுதலான படம் என்பது என் எண்ணம், சாராயம் லயங்களை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த பிறகும். ஆனால் அதில் வரும் ‘கிந்தனார்’ காலட்சேபத்துக்காகவே அதைப் பார்க்கலாம். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தனாரோ ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறார். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேறு மாதிரிக் கேட்கும்.

சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து வில்லுப்பாட்டில் வளர்த்தவரும் அவர்தான். ‘மணமகள்’, ‘பணம்’ படங்களை இயக்கினார். சம்பாதித்ததைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். 1957 ஆகஸ்ட் 30இல் இறந்தபோது வயது 48. 1969 ஜனவரியில், தன் இறுதி நாட்களில் இருந்த முதலமைச்சர் அண்ணாதுரை தியாகராய நகருக்கு வந்து அவருடைய சிலையைத் திறந்துவைத்தார்.