கோலாப்பூர் வேந்தர் சாகு

மராட்டிய நாட்டின் தென்பகுதியில், பஞ்சகங்கை ஆற்றின் கரையில் அமைந்திருப்பது கோலாப்பூர் நகரம். வீர சிவாஜியின் மரபினர் வழிவழியாக ஆண்ட அரசுகளுள் அதுவும் ஒன்று. ஆங்கிலேயர் நாடெங்கும் மேலாட்சி செலுத்திய காலத்தில் அது பரப்பிலும் படையிலும் சிறியதோர் அரசாகவே விளங்கியது. எனினும் பேரரசுகள் பலவும் செய்யத் துணியாத செயல் ஒன்றை அச்சிற்றரசு 1902-ஆம் ஆண்டில் செய்தது. அதனைச் செய்வித்தவர் சாகு மகாராஜா ஆவார்.

இவர் அரண்மனையில் பிறந்தவர் அல்லர். காகல் என்னும் ஊரில் காட்கே குடும்பத்தில் 1874-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யசுவந்தராவ் என்பது. மூன்று வயதிலேயே தாயை இழந்தார். கோலாப்பூர் மன்னர் மகப்பேறின்றி மறைந்தமையால், அரசமாதேவியார் ஆனந்திபாய் 1884-இல் இச்சிறுவரை மகவாக ஏற்றுச் சாகு எனப் பெயர் சூட்டினார். இராஜ்கோட்டிலும் தார்வாடிலும் கல்வி பயின்ற சாகு, 1894-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபது நிரம்பவில்லை.

ஆட்சி ஏற்ற இளமன்னர் ஊர்தோறும் சென்று குடிகளின் நிலையை நேரிற் கண்டார். வயலில் உழைப்போர் ஒரு சாரார். அலுவலகத்தில் அமர்ந்து அவர்களை ஆள்வோர் மற்றொரு சாரார். அரசின் பொது ஆட்சித் துறையில் அப்போது இருந்த உயர் பதவிகள் 71. அவற்றுள் 60 பதவிகளில் அந்தணரே அமர்ந்திருந்தனர். குடிகளுள் மிகப் பெரும்பாலோரான ஏனை வகுப்பினர் அனைவருக்கும் கிடைத்தவை எஞ்சிய 11 பதவிகளே. இந்நிலை ஒருவர் ஒருநாளிற் செய்த சூழ்ச்சியால் வந்ததன்று. கல்வி நெடுங்காலமாக ஒரு வகுப்பாரிடமே தங்கியிருந்தது. ஏனையோர் எழுத்தறிவு பெறாவண்ணம் வழக்கமும் வறுமையும் தடுத்தன. கற்றவர் பதவி பெற்றனர். பதவி பெற்றவர் தம் சுற்றத்தாரையே மேலும் அமர்த்தினர்.

கல்விக்குரிய வாயிலைத் திறந்துவிட்டால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவர் என்று மன்னர் முதலில் எண்ணினார். சிற்றூர்ப் பிள்ளைகள் நகரில் தங்கிப் படிக்க இடமின்றி இடர்ப்படுவதைக் கண்டு, எல்லா வகுப்பினர்க்கும் பொதுவாக மாணவர் விடுதி ஒன்றை நிறுவினார். நடந்தது வேறு. சில ஆண்டுகளில் அவ்விடுதி ஒரே வகுப்பு மாணவரால் நிரம்பியது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அதில் நிலைக்கவில்லை. வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது என்பதை மன்னர் உணர்ந்தார். 1901-இல் மராட்டிய மாணவர்க்கெனத் தனி விடுதி எழுந்தது. பின்னர்ச் சமணர், இலிங்காயதர், இசுலாமியர் எனப் பல வகுப்பினர்க்கும் விடுதிகள் தோன்றின. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகட்கு 1908-இல் விடுதி அமைந்தது.

இதற்கிடையே மன்னரின் உள்ளத்தைத் தைத்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1899-ஆம் ஆண்டில், கார்த்திகைத் திங்களில், அவர் பஞ்சகங்கையில் நீராடச் சென்றார். சடங்கு செய்விக்க வந்த புரோகிதர் வேத மந்திரங்களை ஓதாது புராண மந்திரங்களையே ஓதினார். மன்னர் வினவியபோது, அவர் வேதம் ஓதிச் சடங்கு செய்தற்குரிய குலத்தினர் அல்லர் என்பது விடையாயிற்று. நாடாளும் வேந்தர்க்கே இந்நிலை என்றால் எளிய குடிமகனின் நிலை என்னாம்? அரண்மனைப் புரோகிதரும் வேதமுறைச் சடங்கு செய்ய மறுத்தார். மன்னர் அவருடைய மானிய நிலங்களைப் பறிமுதல் செய்தார். பூசல் பெரிதாயிற்று. விடுதலை வேட்கையில் ஈடிணையற்ற திலகரும் இவ்வொரு செய்தியில் மன்னரை எதிர்த்தே எழுதினார்.

1902-ஆம் ஆண்டில் சாகு மன்னர், ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு இங்கிலாந்து சென்றிருந்தார். அவர் அங்கிருந்தபோதே, சூலை 26-ஆம் நாள், கோலாப்பூர் அரசிதழில் அவருடைய ஆணை வெளிவந்தது. இனிக் காலியாகும் பதவிகளில் நூற்றுக்கு 50 பின்தங்கிய வகுப்பினர்க்கே அளிக்கப்படல் வேண்டும். அவர்கள் பாதிக்குக் குறைவாக உள்ள அலுவலகங்களில் அடுத்த பதவி அவர்களுக்கே உரியது. துறைத் தலைவர் ஒவ்வொருவரும் மூன்று திங்களுக்கு ஒருமுறை தாம் செய்த நியமனங்களைக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பது அவ்வாணை. இறுதியிற் கூறிய விதியே அதன் உயிர்நிலை. கணக்குக் கேளாத ஆணை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை மன்னர் அறிந்திருந்தார். இருந்தவர் எவரையும் அவ்வாணை வெளியேற்றவில்லை என்பதும் கருதத்தக்கது. 1912-ஆம் ஆண்டில் பதவிகள் 95 ஆயின. அவற்றுள் அந்தணர் வகித்தவை 35.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. தகுதி நோக்காது சாதி நோக்குவது முறையன்று என்றனர் பலர். சாங்கிலியிலிருந்து வந்த வழக்கறிஞர் ஒருவர் இவ்வாறே மன்னரிடம் வாதிட்டதாக ஒரு வரலாறு வழங்குகிறது. மன்னர் மறுமொழி கூறாது அவரைக் குதிரைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றார். குதிரைகள் தனித்தனிப் பைகளில் கொள்ளு உண்டுகொண்டிருந்தன. அக்கொள்ளு முழுவதையும் ஒரே விரிப்பிற் கொட்டிக் குதிரைகளை அவிழ்த்துவிடுமாறு மன்னர் பணித்தார். வலியவை பாய்ந்து தின்றன. குட்டிகளும் நோயுற்றவையும் அருகணைய மாட்டாது ஒதுங்கி நின்றன. வந்தவர் வேறொன்றும் கூறாது திரும்பினார் என்பர்.

தமக்கு நேர்ந்த இழிவுக்குப் பழிவாங்கவே மன்னர் இவற்றைச் செய்தார் என்று கூறுவாரும் உளர். அவர் பட்ட புண் அவர் கண்ணைத் திறந்தது என்பது உண்மையே. ஆயினும் அவருடைய பிற்கால ஆணைகள் அந்தணரினும் மிகுதியாக அவருடைய சொந்த வகுப்பினர்க்கே கசந்தன. 1917-இல் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்க்குத் திங்களுக்கு ஒரு ரூபாய் தண்டம் விதித்தார். 1918-இல் மகார் மக்களை ஊருக்குக் கூலியின்றி உழைக்கக் கட்டிவைத்த பழைய முறையை ஒழித்து, அவர்தம் நிலங்களை அவர்க்கே உரிமையாக்கினார். ஒதுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிப்பள்ளிகள் நடத்தியதும் அவர் அரசே. அத்தனிமையே தவறு எனப் பின்னர் உணர்ந்து, 1919-இல் அப்பள்ளிகளை நீக்கிப் பொதுப்பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒருங்கே அமர்த்துமாறு ஆணையிட்டார். தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளுதல் அரசர்க்கு எளிதன்று.

அரண்மனைப் பணியாளருள் கங்காராம் காம்ப்ளே என்னும் மகார் வகுப்பினர் ஒருவர் இருந்தார். மேல்வகுப்பினர்க்குரிய நீர்த்தொட்டியைத் தீண்டினார் என்று உடன்பணியாளர்கள் அவரைச் சவுக்கால் அடித்துத் துன்புறுத்தினர். செய்தியறிந்த மன்னர் சினந்து அடித்தவர்களை ஒறுத்தார். கங்காராமுக்குப் பொருளுதவி செய்து, நகரில் தேநீர்க்கடை ஒன்று வைக்கச் செய்தார். மகார் ஒருவரின் கையால் ஆக்கிய தேநீரை யார் பருகுவர்? கடைக்கு மேல்வகுப்பினர் எவரும் வரவில்லை. ஒருநாள் மன்னரின் வண்டி அக்கடைவாயிலில் நின்றது. நடுத்தெருவில், பலரும் காண, மன்னர் கங்காராமிடம் தேநீர் வாங்கிப் பருகினார்; உடன்வந்த பெருமக்களையும் பருகச் செய்தார். வண்டி அவ்வாறு பலமுறை அங்கு நின்றது.

1920-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாண்காவ் என்னும் சிற்றூரில் ஒதுக்கப்பட்ட மக்களின் மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் அயல்நாட்டிற் கல்வி பயின்று வந்த 28 வயது இளைஞர் ஒருவர். அம்மாநாட்டுக்குச் சென்ற மன்னர், அம்மக்கள் தமக்குரிய தலைவரைத் தம்முள்ளிருந்தே கண்டுகொண்டனர் என்று மகிழ்ந்து பாராட்டினார். அவ்விளைஞர் தொடங்கிய ‘மூக்நாயக்’ என்னும் இதழுக்கு 2,500 ரூபாய் அளித்தவரும் அவரே.

சாகு மகாராஜா 1922-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 47. மாண்காவில் தலைமை தாங்கிய இளைஞரான அம்பேத்கர், கால் நூற்றாண்டுக்குப் பின் இந்திய அரசியலமைப்பு வரைவுக்குழுவின் தலைவரானார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசுப் பணிகளில் போதிய இடம் பெறாத பின்தங்கிய வகுப்பினர்க்கு இடம் ஒதுக்கும் உரிமையை அரசுக்கு வழங்கியது.