இடது கை மட்டும் மிஞ்சியபோது

கிளிநொச்சியில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கீபோட் பழகுகிறேன். முப்பது வயதுக்குப் பிறகு தொடங்கியதால் விரல்கள் இலகுவில் வளைவதில்லை. இப்போது பழகுவது கோட்டை உடைத்து வாசிப்பது. ச, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்தாமல் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். வழக்கமாக இது இடது கையின் வேலை. வலது கை மெட்டை வாசிக்கும்.

தங்கையை வகுப்புக்குக் கூட்டிவரும் தம்பி ஒருவர் வாசலிலேயே நிற்பார். 2009இல், சிறுவனாக இருந்தபோது, எறிகணையில் வலது கையை இழந்தவர். உள்ளே வரச் சொன்னால், ஒரு கையால் வாசிக்க என்ன இருக்கிறது என்று சிரித்து மறுத்துவிடுவார். அவருக்குச் சொல்வதற்காகவே போல் விட்கன்ஸ்டைனின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

1887இல் வியன்னாவில், பெரும் உருக்குத் தொழிலதிபர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். தத்துவவியலாளர் லுட்விக் விட்கன்ஸ்டைன் அவருடைய தம்பி. 1913இல் பியானோக் கலைஞராக அரங்கேறினார். அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. ஒஸ்திரிய இராணுவத்தில் போர்முனைக்குச் சென்றவருக்குக் கையில் சூடு பட்டது. கள வைத்தியசாலையில் வலது கை அகற்றப்பட்ட வேளையிலேயே ரஷ்யப் படையிடம் கைதியானார். சைபீரியாவின் ஒம்ஸ்க் நகரில் தடுத்து வைக்கப்பட்டிருந்தபோது, மரப்பெட்டி ஒன்றில் கரியால் பியானோக் கட்டைகளை வரைந்து, இடது கை விரல்களால் தட்டித் தட்டிப் பழகினார்.

1915இல் கைதிகள் பரிமாற்றத்தில் வீடு திரும்பினார். 1916இல் மீண்டும் மேடையேறினார். கண்பார்வையற்ற அவரது பழைய ஆசிரியர் யோசப் லாபோர் இடது கைக்கென்றே இசை எழுதிக் கொடுத்திருந்தார். பின்னர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கொன்செர்ட்டோ 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது. அதில் தன் விருப்பப்படி மாற்றங்கள் செய்து ராவெலின் கோபத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஐந்து விரல்கள் எப்படிப் போதும்? கீழ்ச்சுரத்தை அடித்துக் காலால் பெடலை அழுத்தினால் ஒலி நின்றுகொண்டிருக்கும். அதற்குள் கை மேலே போய் மற்றச் சுரங்களைத் தொட்டுவிடும். பெருவிரல் மெட்டைப் பிடிக்கும். ஒரு கைக்கு ஒரேயடியாக எட்டாத கோட், உடைத்தால் எட்டிவிடுகிறது.

அவரிடம் பணம் இருந்தது. பெரிய இசையமைப்பாளர்களிடம் காசு கொடுத்து எழுதுவிக்க முடிந்தது. ஆனால் அந்தப் பணத்தால் ஊரில் இருக்க முடியவில்லை. 1938இல் ஒஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போனபின், யூத வம்சாவளி என்பதால் நாட்டைவிட்டு வெளியேறினார். அமெரிக்காவில் மாணவர்களுக்குப் படிப்பித்து, 1961இல் அங்கேயே இறந்தார்.

போன சனிக்கிழமை இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். இது பணக்காரர் ஒருவரின் கதை என்றார். நான் மறுக்கவில்லை. தங்கையை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது மட்டும் திரும்பி, அந்தப் பெடல் கீபோட்டோடு வருமா, தனியாக வாங்க வேணுமா என்று கேட்டார்.