தாய்மைக்குத் தாழ் திறந்த தையல்!

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் நாட்டு வழக்கம். வளைகாப்பு முடித்து, வயிற்றுச் சுமையோடு அன்னூருக்கும் அவிநாசிக்கும் கோபிக்கும் செல்லும் பெண்களைக் காந்திபுரம் பஸ் நிலையத்திலே நாம் காண்கிறோம். பிறந்த ஊரா, புகுந்த ஊரா, அரசாங்க ஆஸ்பத்திரியா, தனியார் ஆஸ்பத்திரியா என்று அவர்கள் வீட்டிலே பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சுக்கே இடமில்லாதிருந்த காலம் ஒன்றுண்டு. வீடு ஒன்றே இடம். விதி ஒன்றே துணை! அந்த நிலையை மாற்ற வந்தவர்களிலே ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

1870-ல் இராணிப்பேட்டையிலே பிறந்தவர் அவர். பாட்டனார் டாக்டர், தந்தையார் டாக்டர். கிறித்துவத் தொண்டுக்கென அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பம். ஆனால் ஐடாவுக்கோ மருத்துவமும் வேண்டாம், இந்த மண்ணும் வேண்டாம்! தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுமியாகக் கண்டு கலங்கியவர். அமெரிக்காவிலேயே வாழ்ந்துவிட எண்ணியவர். நோயுற்ற தாயாரைக் கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் திண்டிவனம் வந்தார்.

ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூவர் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் மேல்சாதி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். என் தந்தையார் வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டரா, வேண்டவே வேண்டாம் என்றனர் மூவரும். சாதி வேறு, மதம் வேறு. பெண்ணின் உயிரைவிட வழக்கமே பெரிது என்பதிலே மட்டும் மூவரும் ஒன்று! பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை. இறந்தவர்களை யாராவது கேட்டார்களா, எங்கே, யார் கையால் பிள்ளை பெற விருப்பம் என்று?

அந்த விடியல் ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. அமெரிக்கா சென்றார்; 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலே பட்டம் பெற்றார்; 1900-ல் டாக்டராகத் திரும்பினார். வேலூரிலே வீட்டின் ஓர் அறையே மருந்தகம். ஒரு படுக்கையே ஆஸ்பத்திரி! 1902-ல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கென மருத்துவமனை எழுந்தது. வர இயலாதோரைத் தேடி வண்டி ஏறிச் சென்று, சாலையோரத்து மரநிழலிலே வைத்தியம் பார்த்தார்.

ஆனால் ஒருத்தி எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட முடியும்? ஊருக்கு ஒரு பெண் டாக்டர் வேண்டுமே! அதற்காக 1909-ல் செவிலியர் பள்ளி; 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்ணுக்கேன் இந்தப் படிப்பு என்று கேட்டவர்கள் உண்டு. பதிலை ஐடா சொல்லவில்லை. முதல் தேர்விலே, எழுதிய அத்தனை மாணவியரும் தேறிச் சொன்னார்கள்! 1942-ல் அது பட்டப் படிப்பாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பெண்ணுக்கென எழுந்த கல்லூரியிலே பின்னர் ஆணுக்கும் இடம், என்னே விந்தை! 1960-ல் கொடைக்கானலிலே, 89 வயதிலே, ஐடா கண்மூடினார்.

இன்று தமிழகத்திலே 100 பிரசவங்களில் 99-க்கு மேல் மருத்துவமனையிலேயே நடப்பதாக 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஆயினும் 2018-ல், நம் பக்கத்துத் திருப்பூரிலே, காணொளி பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்திலே ஓர் இளம்பெண் மாண்டாள். பிள்ளை பிழைத்தது, தாய் இல்லை. இயற்கை முறை என்று அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள். திண்டிவனத்து மூவரும் இயற்கையாகத்தான் இறந்தனர்!

எங்கே பிள்ளை பெறுவது என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும். அது அவள் உரிமை. தாய்வீடா என்பதும் அவள் விருப்பம். ஆனால் இரத்தம் பெருகினால் நிறுத்தவும், பிள்ளை திரும்பியிருந்தால் எடுக்கவும் கற்ற கை அருகிலே இருக்கட்டும். அந்தக் கை இல்லாத இடத்திலே உரிமை என்பது வெறும் சொல். அதை உணர்த்த மூன்று உயிர்கள் போயின. நான்காவதும் நமக்குத் தேவையா?