பெஞ்சமின் ஷியர்ஸ்: உதவி மருத்துவர் முதல் அதிபர் வரை

பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தில் பயணம் செய்யாதவர் நம்மில் குறைவு. அந்தப் பெயருக்குரியவர் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபர் என்பதும் பலருக்குத் தெரியும். பட்டம் பெற்று வேலைக்குச் செல்லக் காத்திருக்கும் நாம், அதற்கு முந்தைய அவரது பணி வாழ்க்கையையும் அறிந்திருக்க வேண்டும்.

1907 ஆகஸ்டு 12ஆம் நாள் சிங்கப்பூரில் ஒரு யூரேசியக் குடும்பத்தில் பிறந்தார். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்து, ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1929இல் மருத்துவரானார். டான் ஜியாக் கிம் முன்னின்று உள்ளூர் மக்களிடம் 87,077 வெள்ளி திரட்டிய பிறகே 1905இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. பணம் உள்ளூர் மக்களுடையது; அங்கே படித்து வந்தவர்களுக்குக் கிடைத்த நாற்காலியோ சிறியது.

காலனித்துவ அரசின் மருத்துவச் சேவை இரண்டு தட்டுகளாக இருந்தது. மேல்தட்டில் ஐரோப்பிய மருத்துவ அதிகாரிகள். சீனரோ, இந்தியரோ, யூரேசியரோ, உள்ளூர்ப் பட்டதாரி என்றால் உதவி மருத்துவ அதிகாரி. நோயும் ஒன்று, நோயாளியும் ஒன்று. பதவியும் சம்பளமும் மட்டும் வேறு. மலாயா ஆட்சிப் பணிக்கோ தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் தூய ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்று 1904இல் விதியே செய்திருந்தார்கள். பெயரில் ஐரோப்பியச் சாயல் இருந்தும் ஷியர்ஸ் அந்தக் கோட்டுக்கு இப்பால்தான்.

1931இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவில் சேர்ந்தார். (எருமைத் தொழுவம் என்பது அந்த மலாய்ப் பெயரின் பொருள். நம் தேக்கா வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலத்தின் மிச்சம்!) 1940இல் மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது; போர் வந்து பயணத்தைத் தடுத்தது.

அதே போர் இன்னொரு கதவைத் திறந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிறைமுகாம்களுக்குச் செல்ல, மகப்பேற்றுப் பிரிவின் பொறுப்பு ஷியர்ஸிடம் வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் தட்டுப்பாடான அந்த மூன்றரை ஆண்டுகளும் அவர் பிரிவை நடத்திக் காட்டினார். அவருடைய திறமை 1942இல் திடீரென்று முளைத்ததல்ல. காலியிடம்தான் அப்போது வந்தது. கருப்பையின் மேற்பகுதியைக் கீறும் பழைய முறையை விட்டு, கீழ்ப்பகுதியில் கீறிக் குழந்தையை எடுக்கும் ஆபத்துக் குறைந்த சிசேரியன் முறையை இங்கே வழக்கத்திற்குக் கொண்டு வந்தவர் அவரே. எத்தனை இனத் தாய்மார்கள் அதனால் பிழைத்தார்களோ!

1945இல் தற்காலிகப் பேராசிரியரானார். லண்டன் சென்று 1948இல் மகப்பேற்று மருத்துவத்தில் உயர் தகுதி பெற்றுத் திரும்பினார். 1950இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் முழுப் பேராசிரியரானார். மருத்துவரான 21 ஆண்டுகளுக்குப் பிறகு!

1971 ஜனவரி 2ஆம் நாள் அதிபராகப் பொறுப்பேற்றவர், 1981 மே 12 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.