உயிர் காத்த யூதர் ஹாஃப்கின்

நமது துறைமுகத்தை அடுத்துள்ள ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்றொரு தெரு உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலேயே யூத வணிகர்கள் சென்னைக்கு வந்து பவளமும் வைரமும் விற்று வாங்கினர். அவர்கள் பொருள் தேடி வந்தவர்கள். இரு நூற்றாண்டுகளுக்குப் பின், உயிர் காக்கவென்றே இந்திய மண்ணுக்கு வந்தார் ஒரு யூதர். அவர்தாம் வால்டெமார் ஹாஃப்கின்.

கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் 1860ஆம் ஆண்டு பிறந்தார் ஹாஃப்கின். அது அன்று ரஷ்யப் பேரரசின் பகுதி. அங்கே யூதர் வீடுகள் சூறையாடப்படுவது வழக்கமாக இருந்தது. தம் மக்களைக் காக்க நின்ற இளைஞர் அணியில் சேர்ந்த அவர் அடிபட்டார், சிறையும் புகுந்தார். அவருடைய ஆசிரியர் மெச்னிகாவ் என்னும் விலங்கியல் அறிஞர் உதவிக்கு வந்தார். படித்து முடித்தும் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. கிறித்துவராக மாறினால் கதவு திறக்கும் என்ற நிலை. பதவிக்காக முன்னோர் சமயத்தை விட அவர் இசையவில்லை.

1889இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலையே. அதை ஏற்றுக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்தார். காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, 1892 ஜூலை 18இல் அதை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். மறு ஆண்டு கல்கத்தா வந்து, சேரிகளிலும் தோட்டங்களிலும் அலைந்து, இரண்டே ஆண்டுகளில் 40,000க்கும் மேற்பட்டோர்க்கு ஊசி போட்டார்.

1896இல் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் வெடித்தது. நெருக்கமான குடியிருப்புகளில் ஏழை உழைப்பாளர் கொத்துக் கொத்தாய் மடிந்தனர். அங்கு விரைந்த ஹாஃப்கின் சில மாதங்களில் தடுப்பூசி கண்டார். 1897 ஜனவரி 10இல் அதையும் தமக்கே முதலில் போட்டுக்கொண்டார்.

புகழின் உச்சியில் பேரிடி விழுந்தது. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் ரண ஜன்னியால் இறந்தனர். பழி ஹாஃப்கினின் ஆய்வகத்தின் மீது சுமத்தப்பட்டது, பதவி பறிபோனது. ஆனால் இறந்த அனைவருக்கும் மருந்து வந்தது ஒரே குப்பியிலிருந்து. அதைத் திறந்த இடுக்கி அன்று மண்ணில் விழுந்ததும், சரியாகத் தூய்மை செய்யப்படாததும் பின்னர் வெளிப்பட்டன. ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடினர். 1907இல் பழி நீங்கியது. ஐந்தாண்டுகள் அவர் சுமந்த அவமானத்தை யார் ஈடு செய்வது?

அக்காலத்தில் யூதருள் ஒரு சாரார் காலத்திற்கேற்பச் சடங்குகளைத் தளர்த்தும் சீர்திருத்த நெறியை ஏற்றிருந்தனர். மற்றொரு சாரார் தோரா என்னும் மறை வகுத்த ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் வழுவாது காத்தனர். ஹாஃப்கின் இரண்டாம் அணியில் நின்றார். மரபு நெறியை ஆதரித்து 1916இல் கட்டுரை வரைந்தார். நுண்ணோக்கியில் கண் வைத்தவர் இப்படி எழுதலாமா என்று வியந்தவர் உண்டு. அவருக்கோ இரண்டும் முரண்படவில்லை. யூத சமயக் கல்விக்கூடங்களுக்காகத் தம் செல்வத்தை எழுதி வைத்தபோது, அங்கே அறிவியலும் தொழிற்கல்வியும் கற்பிக்கப்பட வேண்டும் என விரும்பினார். 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மறைந்தார்.

பம்பாயில் அவர் நிறுவிய ஆய்வகம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சமயத்தை விற்றுப் பதவி வாங்காதவர். பழி சொன்ன நாட்டுக்கே திரும்பி வந்து பணி செய்தவர். மருந்தைப் பிறர்க்குத் தருமுன் தம் உடலில் சோதித்த அந்த நேர்மையே அறிவியல் பயிலும் நாம் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம்.